எங்கள் வீட்டில் எப்போதும் மழைக்காலம்

காக்டெயில் என்றதும் கிளாஸைத் தேடும் அன்பர்கள் மன்னிக்கவும், இது பறவை :-) தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த சின்னக் கிளி. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் வருடம் மகள் கிளி கேட்டாள். நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதனால் கேலிஃப் ஸ்ட்ரீட் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இந்த ஜோடியை வாங்கினோம். இப்போது பெட்டிக்குள் நான்கு முட்டை. பகலில் அப்பா அடைகாக்கிறார், இரவில் அம்மா. டியூட்டி மாறுவதில் ஒரு நிமிடம் பிசகுவதில்லை.

போன வருடம் இதே பெட்டியில் நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்ல, முதலில் கொஞ்சம் சரித்திரம்.

இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. 1790களில் ராபர்ட் கெர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'ஹாலண்டிகஸ்' என்றார். ஹாலந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அன்று ஆஸ்திரேலியாவுக்கே நியூ ஹாலண்ட் என்றுதான் பெயர். 1832ல் ஜெர்மானியரான வாக்லர் முன்னால் 'நிம்ஃபிகஸ்' சேர்த்தார். இது காக்கட்டூ குடும்பத்துக் கடைக்குட்டி என்பது 1990களின் இறுதியில் மரபணு ஆய்வுகளால் உறுதியானது.

அந்த உள்நாட்டில் மழைக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. மழை பெய்தால் புல் விதை பிடிக்கும். உடனே தண்ணீருக்குப் பக்கத்தில் மரப்பொந்து தேடி முட்டையிடும். மழை இல்லையா, முட்டையும் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால், மழைதான் சாங்ஷன் அதாரிட்டி.

பிறகு கப்பலேறி ஐரோப்பா போனது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கூண்டிலேயே குஞ்சு பொரிக்கப் பழகிவிட்டது. மரப்பொந்துக்குப் பதில் மரப்பெட்டி, மழைக்குப் பதில் தினமும் தானியம். 1949ல் கலிஃபோர்னியாவில் திட்டுத் திட்டான நிறத்திலும், 1958ல் ஃப்ளோரிடாவில் வெளிர்மஞ்சளிலும் குஞ்சுகள் பிறந்தன. 1960ல் ஆஸ்திரேலியா தன் பறவைகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. ஆக, சந்தையில் நாம் பார்ப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. ஆனால் மழைக்கணக்கு மட்டும் உடம்புக்குள் அப்படியே இருக்கிறது.

இது தெரியாமல்தான் போன வருடம் கோட்டை விட்டேன். ஐந்து முட்டை. பத்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றிலும் சிவப்பு நரம்பு ஓடவில்லை, எல்லாம் கூமுட்டை. பாவம், வீணாக உட்கார்ந்திருக்கிறதே என்று எடுத்துவிட்டேன். சில நாளிலேயே மறுபடி முட்டை. மறுபடி எடுத்தேன். மூன்றாம் முறை, தாய்ப்பறவை உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் கிடந்தது. முட்டை வெளியே வராமல் சிக்கியிருந்தது. மகள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

டாக்டர் கதகதப்பாக வைத்து, கால்சியம் ஊசி போட்டுக் காப்பாற்றினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "முட்டை காணாமல் போனால் அது வேறு இடும். ஓட்டுக்கான கால்சியம் அதன் எலும்பிலிருந்துதான் போகிறது. கூமுட்டையானாலும் மூன்று வாரம் விட்டுவையுங்கள், அதுவே சலித்து எழுந்துவிடும்."

தட்டு நிறையத் தீனி, இரவு பதினோரு மணி வரை டியூப்லைட், இருட்டுப் பெட்டி. அந்த உடம்புக்கு எங்கள் வீட்டில் வருடம் முழுவதும் மழைக்காலம்! நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு உயிரைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை எட்டு மாதம் பெட்டியே வைக்கவில்லை. கூண்டில் எப்போதும் கணவாய் ஓடு இருக்கிறது. ஏழாம் நாள் ஒரே ஒரு முறை டார்ச் அடித்தேன், இரண்டில் நரம்பு தெரிந்தது. பொரிய 18 முதல் 21 நாள் ஆகும். குஞ்சுகள் தானாகச் சாப்பிட இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல். இரண்டுக்கும் வீடு பேசி வைத்தாயிற்று. திறந்துவிட்டால் இந்த ஊரில் பிழைக்காது.

அதன்பின் பெட்டி பரணுக்குப் போகிறது, சாயங்காலமே கூண்டுக்குத் துணி போர்த்தப்படும். அங்கே வானம் தானாக மழையை நிறுத்தும். இங்கே நாம்தான் நிறுத்த வேண்டும்.

இன்று பதினாறாம் நாள். தங்கமணி இப்போதே பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் :-)