தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவது ஏன்?

கேமரன் மலைக்குப் போனால் தேயிலைச் சரிவுகளைப் படமெடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. அதே தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகளும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? போ, சுங்கை பாலாஸ், புளூவேலி எனத் தோட்டத்தின் பெயரையே தாங்கிய பள்ளிகள் அவை.

தோட்டத்துக்குள் பள்ளி எப்படி வந்தது?

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் கூறியது. போ தோட்டம் 1929-இல் தொடங்கியது. லயத்தில் எத்தனை குடும்பமோ, அதற்கேற்ப வகுப்பில் பிள்ளைகள். அன்று பலமாக இருந்த அந்தப் பிணைப்புதான் இன்று பலவீனம்.

'சிறிய பள்ளி' என்றால் என்ன?

மாணவர் எண்ணிக்கை 150-க்கும் கீழே இருந்தால், கல்வி அமைச்சு அதைக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளி என வகைப்படுத்துகிறது. எண்ணிக்கை மிகவும் சரிந்தால் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் படிக்கும் கூட்டு வகுப்பு முறை வரும்.

பிள்ளைங்க எங்கே போனாங்க?

தோட்டத்தில் பிறந்த தலைமுறை வேலை தேடிப் பட்டணம் போய்விட்டது. அவர்கள் இடத்தில் கொழுந்து பறிக்க வந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வேலை அனுமதியில் வருபவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. ஆக, தோட்டத்தில் வேலை நடக்கிறது; ஆனால் பள்ளிக்குப் போகப் பிள்ளைகள் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 30 மாணவர்கள் என்றால், ஓர் ஆண்டுக்கு ஐந்து பேர்தான். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் உள்ள மூன்று குடும்பங்கள் மாறிப் போனாலே, பள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு காலி.

பள்ளியை மூடிவிடுவார்களா?

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. மாணவர் இல்லாத சில தோட்டப் பள்ளிகள், இந்தியர்கள் அதிகம் வாழும் வட்டாரங்களுக்கு இடம் மாற்றப்பட்டுள்ளன. இதனால் பள்ளியின் பெயர் பிழைக்கும். ஆனால் தோட்டத்திலேயே தங்கிவிட்ட பிள்ளைக்கு என்ன வழி? வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் தினமும் ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ போய்வர வேண்டியதுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலாம் ஆண்டுப் பதிவைக் கடைசி நேரம்வரை தள்ளிப்போடாதீர்கள். போக்குவரத்து, பாலர் பள்ளி வசதி பற்றிப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். பெரிய பள்ளியில் ஒரு மாணவர் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. இங்கே ஒரே ஒரு பெயர் கூடினாலும் அது ஒரு வகுப்பைக் காப்பாற்றலாம்.