35 அடி ஆழத்தில் ஒரு கப்பல்

சிலமலைச் சரிவில் நின்று நோக்கினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மலையே, கடல் இல்லை. ஆயினும் போடிநாயக்கனூரில் விலை பேசப்படும் ஏலம் அரபு நாட்டுக் கஹ்வாவில் மணக்க வேண்டுமாயின் கடலைக் கடந்தாக வேண்டும். எனவே, கப்பலின் கதை நமக்கும் அந்நியமன்று.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அங்கு நின்ற 'ஸகாயிங்' என்னும் கப்பல் தீக்கிரையாயிற்று. ஸ்காட்லாந்தில் கட்டப்பெற்று, பயணிகளையும் சரக்கையும் ஏற்றி ரங்கூனுக்கு ஓடிய கப்பல் அது. பர்மாவின் ஐராவதிக் கரையிலுள்ள ஊரின் பெயரே அதன் பெயர். 1943இல் ஆங்கிலேயர் அதனைத் தாமே மூழ்கடித்துப் படகுத்துறையாக்கினர். சுமார் 35 அடி ஆழத்தில் அது முக்கால் நூற்றாண்டு கிடந்தது.

அதே 1943இல்தான் பிரான்சில் கூஸ்தோ என்பாரும் அவர்தம் தோழரும் 'அக்வாலங்' கருவியைச் சமைத்தனர். 33 அடி இறங்கினால் உடல்மேல் அழுத்தம் இருமடங்காகும். அவ்வழுத்தத்திற்கு ஒப்பவே உருளையிலுள்ள காற்றை இக்கருவி மூச்சுக்கு அளிக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே எழுவோரின் நுரையீரல் கிழியவும் கூடும்.

இந்நாட்டம் புதியதன்று. மூழ்குவோர் தோற்கருவி அணிந்து குழாய்வழி மூச்சுவிடும் முறையைத் தாம் கேள்வியுற்றதாக அல்பீரூனி தம் மணிநூலில் எழுதியுள்ளார். நம் கீழக்கரை முத்துக்குளிப்போருக்கோ கல்லும் கயிறும் அடக்கிய மூச்சுமே கருவி!

2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையின் மூழ்குநர் பல திங்கள் பாடுபட்டு, கப்பலின் உடைந்த பக்கங்களை அடைத்து, உள்நீரை இறைத்து, அதனை மிதக்கச் செய்தனர். செய்தி படித்த நம் மாணவன் ஒருவன், "கப்பலில் இருந்தவர்கள் யார், ஹஜ்ரத்?" என வினவினான். அக்கப்பலின் மாலுமிப் பட்டியல் நம் கையில் இல்லை. ஆனால் அக்காலத்து ஆங்கிலேய வணிகக் கப்பல்களில் கரி அள்ளிக் கொதிகலன் எரித்தோர் பலர், 'லஸ்கர்' என்றழைக்கப்பட்ட நம் நாட்டார். ஸில்ஹட்டும் சிட்டகாங்கும் தந்த முஸ்லிம்கள் அவர்களுள் மிகுதி. 'லஸ்கர்' என்னும் சொல்லோ படையைக் குறிக்கும் 'லஷ்கர்' என்பதன் திரிபு. ஏவலாளருக்கு எத்துணைப் பெரிய பெயர்!

அப்போரில் மாண்ட இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறக்குறைய 6,000 பேர். கடலே அவர்களுக்குக் கப்ரு, கஃபனும் இல்லை. லண்டன் டவர் ஹில்லில் வணிக மாலுமிகளின் பெயர்கள் வெண்கலத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இவர்தம் பெயர்களோ இரு ஏடுகளில் எழுதப்பட்டன: ஒன்று பம்பாய்க்கு, மற்றொன்று சிட்டகாங்குக்கு.