திருமலைக்கு வந்த எஸ்.எஸ்.டி

கணினியில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டியின் வம்சம் ஜப்பானில் தொடங்குகிறது. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோக்கா 1987-இல் நாண்ட் ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். மின்சாரம் போனாலும் எழுதியது அழியாத சிலிக்கன் அது. தோஷிபாவிலிருந்து பிரிந்த கியோக்சியா இன்றும் யொக்கைச்சி ஆலையில் அதைச் செய்கிறது. தென்கொரியாவிலும் சிங்கப்பூரிலும் சீனாவிலும் வேறு நிறுவனங்கள் செய்கின்றன. சில்லுகளைப் பலகையில் பொருத்தி இரண்டரை அங்குலப் பெட்டிக்குள் மூடினால் பொருள் தயார். உள்ளே சுழல ஒன்றுமில்லை.

இலங்கைக்குள் அது கொழும்புப் பக்கமாகத்தான் நுழையும். திருமலைக்காரருக்கு இது கொஞ்சம் உறுத்தும். உலகின் பேர்பெற்ற இயற்கைத் துறைமுகம் நம் வாசலில் இருக்கிறது. ஆனால் இங்கே வருபவை பிறீமா ஆலைக்குக் கோதுமையும், டோக்கியோ சீமெந்துக்கு மூலப்பொருளும், எண்ணெயும்தான். எஸ்.எஸ்.டியோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடத்தில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஏ-6 வீதியால் வந்து சேரும். 2022-இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350-ஐத் தாண்டியது. புதுக் கணினி எட்டாமற்போக, பழைய டெஸ்க்டொப்புக்கு உயிர் கொடுக்கும் பொருளாக இதைத் தேடியவர்கள் பலர்.

இது யாருடைய இடத்துக்கு வருகிறது? பெரும்பாலும் தாய்லாந்தில் பிறந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கின் இடத்துக்கு. 2011 வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா இன் ஆலை மூழ்கி, உலகமெங்கும் விலை ஏறிய காலத்துத் தலைமுறை அது. நிமிடத்துக்கு 7200 தடவை சுழன்றாலும், ஒரு கோப்பைத் தேடி வாசிப்புத் தலை நகர்ந்து, உரிய இடம் அதன்கீழ் சுழன்று வரப் பத்து மில்லிவினாடிக்கு மேலாகும். கணினியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போகவேண்டியிருப்பது இதனால்தான்.

கடையில் இன்னும் வேகமான என்.வி.எம்.இ வகைக் குச்சியைக் காட்டி ஆசை காட்டுவார்கள். 2010 வாக்கில் வந்த மதர்போர்டில் அதைச் செருக இடமே இருக்காது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளிலேயே பொருந்தும் சாட்டா வகையே போதும். பழைய சாட்டா-2 இணைப்பு வினாடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் விடாது. எஸ்.எஸ்.டி தரக்கூடியதோ 500-க்கு மேல். ஆழமிருந்தும் கொள்கலன் வராத நம் துறைமுகம்போல, வேகத்தில் பாதி சும்மா கிடக்கும். கிடக்கட்டும். நாம் காசு கொடுப்பது அந்த வேகத்துக்கு அல்ல, தேடல் நேரம் மறைவதற்கு. அது பழைய இணைப்பிலும் கிடைக்கும். பூட்டுமுன் பயொஸில் ஏ.எச்.சி.ஐ முறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடித்த பழைய கேபிளையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

விண்டோஸுக்கும் அன்றாட வேலைக்கும் 480 கிகாபைட் தாராளம். பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் கழற்றி எறியவேண்டாம், படங்களின் இரண்டாவது பிரதிக்கு உதவும். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்.எஸ்.டியை மின்சாரமில்லாமல் நீண்டகாலம் வைத்தால் சேமித்தது கசியலாம், வெப்பம் கூடக்கூட இன்னும் சீக்கிரமாக. கலியாணப் படங்களை அதில் மட்டும் போட்டு அலுமாரியில் பூட்டிவைக்காதீர்கள்.