பரணில் கிடக்கும் ஊர்க் கணக்கு



பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது பரணில் இருக்கும் ஓலைக்கட்டு, பத்திரம், கணக்கு நோட்டு இவற்றை என்ன செய்வது என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். "கணக்குப்பிள்ளை வீட்டு ஓலைதான் சார், இலக்கியம் ஒன்றும் இல்லை" என்றும் சொல்வீர்கள். கேட்டவர்களுக்காகவும், கேட்காமலே தூக்கிப் போட இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் செங்கல்பட்டுச் சீமையை 1763இல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். என்ன கிடைத்திருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியவேண்டுமே! 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்தார். அந்த ஊர்களின் விவரங்கள் நம் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைகளில் இருந்தன. ஊரில் எத்தனை வீடு, யார் என்ன தொழில், ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, களத்தில் நெல் அளக்கும்போது கோயிலுக்கு எவ்வளவு, தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. ராஜாக்களின் கதையில் வராத மனிதர்கள் இந்தக் கணக்கில் வருகிறார்கள். நான் பல வருடம் வகுப்பில் சோழரையும் பல்லவரையும் நடத்தியவன். நம் ஊர்க் குயவரைப் பற்றிச் சொல்ல அந்தப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது.

ஆனால் அந்தக் கணக்கு ஒரே இடத்தில் இல்லை. ஆங்கிலச் சுருக்கம் சென்னை ஆவணக் காப்பகத்தில், தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில். தரம்பால் போன்ற ஆய்வாளர்கள் கவனப்படுத்திய பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வேலை நடந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் நீங்கள் தினமும் கடந்துபோகும் திருப்போரூரின் கணக்கை, வடக்குப்பட்டின் கணக்கோடு சேர்த்து, சென்னை சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ் புத்தகமாகவே போட்டிருக்கிறது. இரண்டு பாதியும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்ததால்தான் இது முடிந்தது.

இதுவாவது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. வீடுகளில் தங்கியவை? 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் பதவி போனதும், வீட்டில் இருந்த பழைய படிகளையும் கடிதங்களையும் ரசீதுகளையும் காப்பாற்றும் காரணமும் போய்விட்டது. கரையான் தின்றது பாதி, எடைக்குப் போனது மீதி.

தனியாரிடம் உள்ள ஆவணங்களுக்குத் தேசிய அளவில் ஒரு பட்டியல் வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. பிரிட்டனில் 1945இலேயே அப்படி ஒரு பதிவேடு தொடங்கிவிட்டார்கள். நம் தேசிய ஆவணக் காப்பகமும் தனியார் ஆவணங்களுக்கான தேசியப் பதிவேட்டைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. 2003இல் தேசியச் சுவடி இயக்கம் வந்து, சுவடிகளைக் கணினியில் பட்டியலிட்டது. ஆனால் அதன் விதிப்படி சுவடி வேறு, வருவாய்க் கணக்கு வேறு. உங்கள் வீட்டில் வைத்தியச் சுவடி இருந்தால் பட்டியலில் ஏறும். அதே பரணில் பக்கத்தில் இருக்கும் ஊர்க் கணக்கு ஏறாது! 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த ஞான பாரதம் திட்டம், தனியார் சேகரிப்பாளர்களையும் சேர்த்து 1 கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை எட்டப்போவதாகச் சொல்கிறது. அதில் கணக்கும் பத்திரமும் கடிதமும் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

"எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே சார்?" என்ற பயம் எனக்குப் புரிகிறது. பழைய கடன், நிலத் தகராறு, சாதிப் பேச்சு எல்லாம் அந்தக் காகிதங்களில் இருக்கும். பட்டியல் என்பது பொருளைப் பிடுங்குவது ஆகாது. என்ன இருக்கிறது, எந்தக் காலம், எந்த ஊரைப் பற்றியது, பார்க்க யாரைக் கேட்கவேண்டும் என்ற நாலு விவரம் போதும். பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். வீட்டு முகவரியை வெளியிடக் கூடாது, எதைக் காட்டுவது என்பது குடும்பத்தின் முடிவு என்று விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். அந்த உறுதி இல்லாமல் மக்கள் பெட்டியைத் திறக்கமாட்டார்கள், திறக்கச் சொல்வதும் நியாயமில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்தவை சுமார் 1 லட்சம். அவர் 1992இல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, இங்கேயே சென்னையில் நூலகமாக்கியது. எல்லா வீட்டுக்கும் சிகாகோவிலிருந்து ஆள் வருமா?

ஆகவே, பட்டியல் வரும்வரை உங்கள் வீட்டளவில் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். ஓலையை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். கட்டு கலையாமல், இருக்கிற வரிசையிலேயே போனில் படம் எடுங்கள். இது யாருடையது, எந்த ஊர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். படிக்க முடியாத எழுத்தாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள். எனக்கும் புரியாவிட்டால், படிக்கத் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்