ஓசி டிக்கெட்டும் ஒரு நடிகனும்

புனேவுக்கு வந்து பதினாறு வருடங்கள் ஆகிவிட்டன. இங்குள்ள நம்மவர்கள் வருடத்துக்கு ஒரு முறை தமிழ் நாடகம் போடுவார்கள். இந்த முறை முக்கிய வேடம் என் நண்பருக்கு. வீடு தேடி வந்து இரண்டு பாஸ் கொடுத்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பார்த்துட்டு உங்க பக்கத்துல ரெண்டு வார்த்தை நல்லபடியா எழுதிடுங்க சார்" என்றார்.

நாடகம் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் எழுதவில்லை. நல்லபடியாக எழுதினால் பொய். உள்ளபடி எழுதினால் நட்பு போய்விடும். அவரோ தினமும் காலையில் வாட்ஸப்பில் குட்மார்னிங் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இந்த இக்கட்டு எனக்கு மட்டும் வந்ததல்ல. இருநூறு வருடங்களுக்கு முன்பு லண்டனில் இதே 'நல்லபடியா எழுதிடுங்க' ஒரு பெரிய சண்டையாகவே நடந்திருக்கிறது. இன்று அந்தக் கதை.

அன்றைய லண்டனில் வசன நாடகம் போட எல்லாருக்கும் அனுமதி கிடையாது. ட்ரூரி லேன், காவென்ட் கார்டன் என்ற இரண்டு அரங்குகளுக்குத்தான் அரச உரிமை. கோடையில் ஹேமார்க்கெட்டும் உண்டு. மற்ற கொட்டகைகள் பாட்டு, கூத்து, ஊமை நாடகம் என்று பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1843-ல் சட்டம் மாறும்வரை இதே நிலைமை. சினிமாவும் டீவியும் இல்லாத ஊரில் இரண்டே அரங்குகள் என்றால் கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்? மாலையில் தொடங்கி நள்ளிரவு நெருங்கும்வரை நடக்கும். பெரிய நாடகம் ஒன்று, அதற்குப் பின் ஒரு கேளிக்கை. பாதியில் வந்தால் அரை டிக்கெட். நாடகம் நடக்கும்போதும் அரங்கில் விளக்கை அணைப்பதில்லை. மேடையை எல்லாரும் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவரும் பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் கத்துவதும், ஆரஞ்சுத் தோலை எறிவதும் சகஜம்.

பத்திரிகைகளோ விலை அதிகம். 1815-க்குப் பிறகு ஒரு பேப்பர் ஏழு பென்ஸ். அதில் நாலு பென்ஸ் அரசாங்கத்தின் முத்திரை வரிக்கே போய்விடும். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது. விளம்பரம் தருபவர்களில் நாடக அரங்குகளும் உண்டு. ஆக, விமர்சகருக்கு ஓசி டிக்கெட், மேனேஜருடன் சாப்பாடு, நடிகருடன் தோழமை. மறுநாள் பேப்பரில் "அரங்கு நிறைந்தது, கைதட்டல் அதிர்ந்தது" என்று நாலு வரி. (ஓசி என்ற வார்த்தையே கிழக்கிந்தியக் கம்பெனியின் தபால் முத்திரையிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, இங்கே பொருத்தமாக இருக்கிறது!)

இப்படி எழுதுவதற்கு ஆங்கிலத்தில் 'பஃப்' என்று பெயர். ஊதுவது. நம் ஊரில் ஜால்ரா அடிப்பது என்போமே, அது. ஷெரிடன் 1779-ல் எழுதிய 'தி கிரிட்டிக்' நாடகத்தில் இதையே தொழிலாகக் கொண்ட ஒரு பாத்திரம் வரும். பெயரே மிஸ்டர் பஃப். ஊதுவதில் ஐந்து வகை உண்டு என்று வகுப்பே எடுப்பான். வேடிக்கை என்னவென்றால், இதை எழுதிய ஷெரிடன்தான் ட்ரூரி லேன் அரங்கின் முதலாளி!

இந்த ஏற்பாட்டில் கல் எறிந்தவர் ஒரு பையன். லே ஹன்ட் என்று பெயர். 1805-ல் அவருடைய அண்ணன் ஜான் 'தி நியூஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, நாடகப் பகுதியைத் தம்பியிடம் கொடுத்தார். தம்பிக்கு இருபது வயதை ஒட்டி இருக்கும். அவர் செய்த முதல் காரியம், ஓசி டிக்கெட் வேண்டாம் என்றது. இரண்டாவது, எந்த நடிகரோடும் பழகுவதில்லை என்று முடிவெடுத்தது. அதன் பிறகு பேனாவுக்குக் கட்டுப்பாடே இல்லை. அன்றைய பெருந்தலை ஜான் கெம்பிளின் விபரீத உச்சரிப்புகளைப் பட்டியல் போட்டுக் கிண்டல் செய்தார். இந்தக் கட்டுரைகளின் தொடர்ச்சியாக ஒரு புத்தகமும் வந்தது. 1808-ல் அண்ணனும் தம்பியும் 'தி எக்ஸாமினர்' என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார்கள். வயதான பிறகு எழுதிய சுயசரிதையில் ஹன்ட் தன் இளவயது மிடுக்கைத் தானே கேலி செய்துகொள்கிறார். ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியது தவறு என்று சொல்லவில்லை.

இப்போது நம் நடிகன் வருகிறான்.

1809-ல் எரிந்துபோன ட்ரூரி லேன், 1812-ல் புதிதாகத் திறந்தது. மூவாயிரம் பேர் உட்காரலாம். ஆனால் உட்கார ஆள் இல்லை. அரங்கு கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில் எட்மண்ட் கீன் என்ற ஊர் ஊராகத் திரியும் நடிகனை அழைத்து வந்தார்கள். குள்ளம், கறுத்த முகம், கரகரத்த குரல். இரண்டு மாதம் முன்புதான் நாலு வயது மூத்த மகனைப் பறிகொடுத்தவன். 1814 ஜனவரி 26, பனி உருகிச் சேறாய்க் கிடந்த இரவில், வேஷத் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு நடந்தே அரங்குக்குப் போனான் என்கிறார்கள். வேடம் ஷைலாக். வழக்கமான சிவப்பு விக்குக்குப் பதில் கறுப்பு விக் வைத்துக்கொண்டு மேடை ஏறினான்.

அந்த இரவு 'மார்னிங் கிரானிக்கிள்' பத்திரிகைக்காக உட்கார்ந்திருந்தவர் வில்லியம் ஹாஸ்லிட். அரங்கு பாதிகூட நிரம்பவில்லை. நான்கு வருடங்கள் கழித்து அவர் தொகுத்த நாடக விமர்சனப் புத்தகத்தின் முன்னுரையில் ஓர் உண்மையைச் சொல்கிறார். முடிந்தவரை சாதகமாக எழுதும்படி அவருக்குச் சொல்லியிருந்தார்களாம். அவர் உண்மையைத்தான் எழுதினாராம். நல்லகாலம், அன்று இரண்டும் ஒன்றாக இருந்தது! பல வருடங்களாக இப்படி ஒரு நடிகனைப் பார்த்ததில்லை என்ற பொருளில் எழுதிய அதே முதல் விமர்சனத்தில், ஷைலாக்கின் மனதுக்குள் புகைந்துகொண்டே இருக்கும் வன்மத்தை வேறு சிலர் இதைவிட நன்றாகக் காட்டியிருக்கிறார்கள் என்றும் குறித்தார். குறையையும் சொன்னதால்தான் புகழ்ச்சியை ஜனங்கள் நம்பினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்மொழியும் சேர்ந்துகொள்ள, அடுத்தடுத்த இரவுகளில் கூட்டம் பெருகியது. வாரம் எட்டுப் பவுண்டு சம்பளம் இருபதாக உயர்ந்தது.

அந்தச் சமயம் ஹன்ட் சிறையில் இருந்தார். இளவரசரைப் பழித்து எழுதியதற்காக இரண்டு வருடம். எக்ஸாமினரில் கீனைப் பாராட்டி எழுதியவர் அவருடைய பள்ளித் தோழர் தாமஸ் பார்ன்ஸ். 1815-ல் விடுதலையாகி வந்த ஹன்ட், ஊரே கொண்டாடும் கீனைப் போய்ப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று எழுதினார். நண்பர் புகழ்ந்தவர், தன் பத்திரிகையே புகழ்ந்தவர் என்றெல்லாம் பார்க்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். ஆனால் மேலும் பத்து வருடங்கள் போக வேண்டும்.

1814 நவம்பரில் 'தி டைம்ஸ்' நீராவியால் ஓடும் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. மணிக்கு ஆயிரத்து நூறு தாள். 1817-ல் அதன் ஆசிரியரானவர், அதே தாமஸ் பார்ன்ஸ். மேனேஜர்களின் தயவோ மந்திரிகளின் தயவோ தேவைப்படாத அளவுக்கு டைம்ஸ் வளர்ந்தது.

1825 ஜனவரி 17. ஆல்டர்மேன் ராபர்ட் காக்ஸ் என்பவர், தன் மனைவியுடன் கீனுக்கு இருந்த உறவுக்காக நஷ்டஈடு கேட்டுத் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. கீன் எண்ணூறு பவுண்டு தர வேண்டும். கோர்ட்டில் படித்த காதல் கடிதங்கள் பேப்பரிலும் மலிவுப் பிரசுரத்திலும் வீதிக்கு வந்தன. கீன் உத்தமர் அல்ல. குடித்துவிட்டுக் காட்சிக்கு வராமல் போனவர்தான். ஆனால் டைம்ஸ் இப்போது எழுதியது நடிப்பைப் பற்றி அல்ல. இப்படிப்பட்டவன் மேடை ஏறலாமா என்று தாக்கியது. ஜனவரி 24 அன்று மூன்றாம் ரிச்சர்டாக வந்தார் கீன். அரங்கு நிரம்பி வழிந்தது. கூச்சலில் ஒரு வசனம்கூட யார் காதிலும் விழவில்லை. சில நாள் கழித்து அவர் மேடை முன்வந்து, ஷேக்ஸ்பியரின் நாயகர்களுக்குப் பிரதிநிதியாக மட்டுமே இங்கே நிற்கிறேன் என்ற அர்த்தத்தில் பேசினார். பின் அமெரிக்கா போனார். செய்தி அங்கேயும் போயிருந்தது. பாஸ்டனில் பெரும் கலவரம். திரும்பி வந்தபோது லண்டன் மன்னித்துவிட்டது, உடம்பு மன்னிக்கவில்லை. 1833 மார்ச் 25 அன்று ஒத்தெல்லோவாக நடிக்கையில், இயாகோவாக நடித்துக்கொண்டிருந்த இளைய மகன் சார்லஸின் தோளில் சரிந்தார். மே மாதம் இறந்துபோனார்.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஹன்ட் போட்ட சண்டை, விமர்சகனை மேனேஜரிடமிருந்து விடுவிப்பதற்கு. அது ஓரளவு ஜெயித்தது. ஆனால் ஓசி டிக்கெட் வாங்காத டைம்ஸ்தான் கீனைக் குதறியது. ஊதுகிறவன் அரங்கு முதலாளிக்குப் பயப்படுகிறான் என்றால், குதறுகிறவன் கூட்டத்தின் ருசிக்கு எழுதுகிறான். இருவருமே மேடையைப் பார்ப்பதில்லை. ஹாஸ்லிட் அந்தச் சேற்று இரவில் செய்தது இவ்வளவுதான்: மேடையில் கண்டதை, நல்லதும் கெட்டதுமாக, எழுதினார்.

சரி, என் கடனையும் தீர்த்துவிடுகிறேன். புனேயில் நடந்த அந்த நாடகத்தில் பாட்டியாக நடித்த பெண்மணி வரும் இடமெல்லாம் அரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. மாமனாருடன் சண்டை போடும் காட்சி நன்றாக இருந்தது. முதல் பாதி அரை மணி நேரம் அதிகம். நாயகன் இரண்டு இடங்களில் வசனத்தை மறந்துவிட்டு, இரண்டு முறையும் ஒரே இருமலை இருமினார். அடுத்த வருடம் டிக்கெட் காசு கொடுத்து வாங்குவேன்.

நண்பர் இதைப் படிப்பார். ராத்திரி போன் வரும். எடுப்பேன்.