பல் மருத்துவ அச்சம்

பல் சிகிச்சை என்றாலே மனத்திலும் உடலிலும் எழும் பதற்றம் பல் மருத்துவ அச்சம் எனப்படும். லேசான அளவில் இது பெரும்பாலோருக்கு உண்டு. முற்றிய நிலையில் உள்ளவர்கள், கன்னம் வீங்கி இரவெல்லாம் தூக்கமின்றித் தவித்தாலும் கிராம்பு எண்ணெயையும் வலி மாத்திரையையும் வைத்தே நாளை ஓட்டுவார்களே தவிர, கிளினிக் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

அச்சத்தை அளக்க 1969-இல் அமெரிக்கரான நார்மன் கோரா நான்கு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். அதில் ஊசியைப் பற்றிய கேள்வியே இல்லை. 1995-இல் ஹம்ஃப்ரிஸ் குழுவினர் அதை ஐந்தாவது கேள்வியாகச் சேர்த்தனர். இந்தத் திருத்திய அளவுகோலில் மதிப்பெண் 5 முதல் 25 வரை வரும். 19-ம் அதற்கு மேலும் கடும் அச்சமாகக் கொள்ளப்படுகிறது.

சிறு வயதில் வலிக்க வலிக்கப் பல் பிடுங்கிய அனுபவம், வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி ஏற்றிய பயம், டிரில் சத்தம், மருந்து வாசனை எல்லாம் இதற்குக் காரணங்கள். மல்லாந்து படுத்து, வாயைத் திறந்தபடி, பேசவும் முடியாமல், நடப்பதைப் பார்க்கவும் முடியாமல் கிடக்கும் நிலை பலருக்கு வலியைவிடப் பெரிய தொல்லை. ‘இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?’ என்று மருத்துவர் கேட்டுவிடுவாரோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்னும் ஓயவில்லை. மேல் பற்களுக்கு உணர்ச்சி தருவது முகத்துக்கான முப்பெரு நரம்பின் ஒரு கிளை; பார்வை நரம்பு முற்றிலும் வேறு. பல் பிடுங்குவதால் பார்வை போவதில்லை.

ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் பெர்க்ரென் 1984-இல் இந்த அச்சத்தை ஒரு சுழலாக விளக்கினார். பயந்தவர் தள்ளிப்போடுகிறார், சொத்தை ஆழமாகிறது, பல்லின் நிலையைக் காட்டவே வெட்கம் வருகிறது, மேலும் தள்ளிப்போடுகிறார். கடைசியில் சீழ் வைத்த பிறகு அவசரமாக ஓடுகிறார். அப்போதுதான் சிக்கல். சீழ் பிடித்த திசுவில் அமிலத்தன்மை கூடியிருக்கும். மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் ஊசி மருந்து அங்கே நரம்புக்குள் சரியாக நுழைவதில்லை. பாதிதான் மரத்துப்போகிறது, வலிக்கிறது. பயந்தது சரிதான் என்று அவருக்கு உறுதியாகிவிடுகிறது. சிறு சொத்தையாக இருந்தபோதே போயிருந்தால் அதே ஊசி நன்றாக வேலை செய்திருக்கும். வலிக்கும் என்று பயந்து தள்ளிப்போட்டதுதான் அந்த வலியைக் கொண்டுவந்தது.

மருந்தில்லா வழிகள்

எல்லாவற்றிலும் செலவில்லாத வழி, கை தூக்கினால் மருத்துவர் உடனே நிறுத்துவார் என்ற முன் உடன்பாடு. முதல் முறை கை தூக்கியதும் உண்மையாகவே நிறுத்தினால்தான் இதற்கு மதிப்பு. ‘இதோ முடிந்துவிட்டது’ என்று இழுத்தால் மறுபடி யாரும் நம்புவதில்லை. குழந்தைகளிடம் முதலில் சொல்லி, பிறகு விரல் நகத்தில் தூரிகையைச் சுழற்றிக் காட்டி, அதன் பின்னரே பல்லில் செய்யும் முறை 1959 முதல் பாடநூல்களில் உள்ளது. முதல் நாள் வெறும் பேச்சு, அடுத்து பரிசோதனை, பிறகு பல் சுத்தம் என்று படிப்படியாகப் பழக்குவது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

ஊசி குத்தும் இடத்தில் மரப்பு ஜெல்லை ஓரிரு நிமிடம் வைத்திருந்து, மருந்தை மெதுவாகச் செலுத்தினால் வலி வெகுவாகக் குறையும். அந்த மருந்தோடு பொதுவாக அட்ரினலினும் கலந்திருக்கும். போட்ட சில நொடிகளில் நெஞ்சு படபடப்பது அதனாலும் இருக்கலாம். சில நிமிடத்தில் அடங்கிவிடும். இதை முன்பே சொல்லாததால் ‘எனக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது’ என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

ஊசியைக் கண்டாலே மயங்கி விழுபவர்களின் கதை வேறு. அவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென இறங்கிவிடுகிறது. உடலைத் தளர்த்துங்கள் என்று சொல்வது அவர்களுக்கு உதவாது. கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடேறும்வரை 10 முதல் 15 நொடி இறுக்கி, விட்டு, மீண்டும் இறுக்கச் சொல்ல வேண்டும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் உருவாக்கிய பயிற்சி இது.

செடேஷன்

இது பயத்தைத் தணிக்கும் அரைமயக்கம். நோயாளி விழித்திருப்பார், சொன்னால் கேட்பார். வலியைத் தடுப்பது இதன் வேலையன்று; மரத்துப்போகும் ஊசி அப்போதும் தேவை.

மிக லேசானது நைட்ரஸ் ஆக்சைடு எனும் சிரிப்பூட்டும் வாயு. மூக்கின் மேல் சிறு முகமூடி வைத்து ஆக்சிஜனோடு கலந்து தருவார்கள். கலவையில் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி இயந்திரமே தடுக்கும். சில நிமிடத்தில் விரல் நுனிகள் குறுகுறுக்கும், உடல் கதகதக்கும், சத்தங்கள் தள்ளிப்போனதுபோல் கேட்கும். முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்சிஜனைச் சுவாசித்தால் தெளிந்துவிடும். சளியால் மூக்கு அடைத்திருந்தால் பயனில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும், வைட்டமின் பி12 குறைபாடு உள்ளவர்களுக்கும் தவிர்ப்பார்கள்.

இந்த வாயு மருத்துவத்துக்கு வந்ததே ஒரு பல் மருத்துவரால். 1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் நடந்த வேடிக்கைக் காட்சியில், வாயுவைச் சுவாசித்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணராததை ஹொரேஸ் வெல்ஸ் கவனித்தார். மறுநாளே தானும் அதைச் சுவாசித்து, ஜான் ரிக்ஸ் என்ற சக மருத்துவரிடம் தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவர்கள் முன் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட்டார். வெல்ஸ் கேலிக்கு ஆளானார். அவர் 1848-இல் இறந்தார். அவருக்கு முதலில் வாயு கொடுத்த கார்டனர் கோல்ட்டனே 1860-களில் அதை மீண்டும் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த படி மாத்திரை: டயசெபாம், ட்ரையசோலாம் போன்றவை. எளிது, ஆனால் ஒவ்வொருவர் உடலிலும் ஒவ்வொரு வேகத்தில் ஏறும். நடுவில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ரத்தக்குழாயில் மெல்லச் செலுத்தும் மிடாசோலாமில் அளவைக் கட்டுப்படுத்தலாம், மிகுந்துவிட்டால் ஃப்ளூமசெனில் கொடுத்து முறிக்கலாம். நடந்தது பெரும்பாலும் நினைவில் நிற்காது. பலர் விரும்புவதும் இதைத்தான். ஆனால் வலிக்கவில்லை என்பதும் நினைவில் நிற்காததால், அடுத்த முறை பயம் அப்படியே இருக்கும். பிடுங்குவது, வேர் சிகிச்சை போன்ற பெரிய வேலைகளை இப்படி முடித்துவிட்டு, பல் சுத்தம் செய்வது போன்ற சிறியவற்றை விழிப்பிலேயே பழகுவது நல்லது.

மாத்திரையோ ரத்தக்குழாய் ஊசியோ எடுத்தவர் அன்று வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வர வேண்டும். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் திணறல் உள்ளவர்களும், தூக்க மாத்திரையோ மனநல மருந்தோ சாப்பிடுபவர்களும், மது அருந்துபவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜன் அளவுமானி விரலில் மாட்டப்படுமா, சிகிச்சை செய்பவரைத் தவிர நோயாளியைக் கவனிக்கத் தனியாக ஆள் உண்டா என்று கேட்பதில் தவறே இல்லை.

முழு மயக்கம் கடைசி வழி. ஒத்துழைக்க இயலாத சிறு குழந்தைகளுக்கும், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள சிலருக்கும், பெரிய அறுவைக்கும் இது வேண்டியிருக்கும். பிரிட்டனில் ஒரு காலத்தில் தெருமுனைப் பல் கிளினிக்குகளிலேயே இது சாதாரணமாக நடந்தது. மரணங்கள் நேர்ந்ததால் விதிகள் இறுகி, 2001 முடிவோடு அங்கே பல் சிகிச்சைக்கான முழு மயக்கம் மருத்துவமனைகளில் மட்டுமே என்றாகிவிட்டது.