தூர்தர்ஷன் செய்திகள்

இந்திய அரசின் பொது ஒளிபரப்பு நிறுவனமான தூர்தர்ஷனின் செய்திப் பிரிவு இது. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு நாடு முழுவதும் செய்தி வழங்குகிறது.

தூர்தர்ஷன் 1959 செப்டம்பர் 15 அன்று, யுனெஸ்கோ உதவியுடன், டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அப்போது அது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவு. வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே நிகழ்ச்சி. 1965-இல் அன்றாட ஒளிபரப்பு வந்தபோது ஐந்து நிமிடச் செய்தியறிக்கையும் வந்தது. அதை வாசித்தவர் பிரதிமா புரி. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1976 ஏப்ரல் 1 முதல் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது.

அது நெருக்கடிநிலைக் காலம். செய்தி அரசின் குரலாகவே ஒலித்தது. 1977 பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகள் பொதுக்கூட்டம் கூட்டிய ஞாயிறன்று, ஆட்களை வீட்டிலேயே இருத்திவைக்க ‘பாபி’ படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. அப்படியும் மைதானம் நிரம்பி வழிந்தது.

1982-இல் இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் வழியாகத் தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பலர் வண்ணத் தொலைக்காட்சி வாங்கினர். அதன்பின் புதிய ஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென்று எழுந்தன. இரவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்த செய்தி நாடெங்கும் ஒரே நேரத்தில் பார்க்கப்பட்டது. காதோரம் ரோஜா சூடி வரும் சல்மா சுல்தான், கீதாஞ்சலி ஐயர் போன்றவர்களின் முகங்கள் வீட்டு மனிதர்களின் முகங்களாகின. சென்னை நிலையத்தில் ஷோபனா ரவியின் தெளிவான உச்சரிப்பைத் தமிழ் நேயர்கள் இன்றும் சொல்லிப் பாராட்டுவார்கள். 1987 முதல் செவித்திறன் குறைந்தோருக்கும் சைகையுடன் செய்தி வழங்கியது பெருமைக்குரிய தொடக்கம்.

ஆனால் வாசிப்பின் நயம் வேறு, செய்தியின் வேகமும் நம்பகமும் வேறு. 1984 அக்டோபர் 31 காலை இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்ததைத் தூர்தர்ஷனில் சல்மா சுல்தான் அறிவித்தபோது மாலை ஆகிவிட்டது. பிபிசி அதற்கு வெகுநேரம் முன்பே சொல்லிவிட்டது. மேற்கு வங்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே அன்று டிரான்சிஸ்டரில் பிபிசியைத்தான் கேட்டார். மேலிட அனுமதிக்குக் காத்திருக்கும் வழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

மாற்றம் வெளியாரின் கைவழியே வந்தது. 1988-இல் பிரணாய் ராயின் என்டிடிவி தயாரித்த ‘தி வேர்ல்ட் திஸ் வீக்’ உலகச் செய்தியைப் படங்களும் விளக்கமுமாக வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1995-இல் தூர்தர்ஷனின் மெட்ரோ அலைவரிசையில் இருபது நிமிட நிகழ்ச்சியாகத் தொடங்கிய ‘ஆஜ் தக்’ பேச்சுவழக்கு இந்தியில் செய்தி சொன்னது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் தயாரித்து, பின்னாளில் தனியார் செய்தித் துறையில் கோலோச்சிய நிறுவனங்கள் தூர்தர்ஷனில்தான் நேயர்களைத் தேடிக்கொண்டன. கதவைத் திறந்துவிட்ட தூர்தர்ஷன் தன் சொந்தச் செய்தியறையைத் திருத்திக்கொள்ளத் தாமதித்தது. அதற்குள் கேபிள் வந்துவிட்டது.

1995-இல் உச்ச நீதிமன்றம், அலைக்கற்றை பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. தூர்தர்ஷனையும் வானொலியையும் ஒரு தன்னாட்சி அமைப்பின்கீழ் கொண்டுவர 1990-இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் ஏழாண்டு கிடப்பில் கிடந்து 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2003 நவம்பர் 3 அன்று மெட்ரோ அலைவரிசையின் இடத்தில், இருபத்து நான்கு மணிநேர டிடி நியூஸ் தொடங்கியது. 2024 ஏப்ரலில் அதன் இலச்சினையின் சிவப்பு காவியாக மாறியபோது, நடுநிலை பற்றிய பழைய வாதம் மீண்டும் எழுந்தது.

மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் செயற்கைக்கோள் சேவை வழியாக எளிய குடும்பங்களுக்கும் தூர்தர்ஷன் செய்தி சென்று சேர்கிறது. கூச்சல் விவாதங்கள் மலிந்த காலத்தில் நிதானமாகச் செய்தி வாசிக்கும் மரபும் மதிக்கத்தக்கதே. ஆயினும் பிரசார் பாரதி இன்றும் பெருமளவு அரசு நிதியை நம்பி நடக்கிறது. செய்திப் பிரிவின் முக்கியப் பொறுப்புகளில் இந்தியத் தகவல் பணி அதிகாரிகளே அமர்கிறார்கள். சட்டம் வாக்களித்த தன்னாட்சி செய்தியறைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.